மலையில் ஓடும் காருக்கு ‘கேட் கிளீனிங்’: காசு கொடுக்கலாமா?

மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று மலைப்பாதை நெடுகிலும் பெட்ரோல் காரை சர்வீஸுக்கு விட்டால் பல ஒர்க்‌ஷாப்களில் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறார்கள்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (இன்ஜின் புகையைச் சுத்தமாக்கும் பாகம்) கிளீனிங். “உள்ள கார்பன் அடைச்சிருக்கு சார். சுத்தம் பண்ணிட்டா பிக்கப் வரும், மைலேஜ் ஏறும், செக் இன்ஜின் லைட்டும் போயிடும்.” இந்த சர்வீஸ் மூன்று விதமாகக் கிடைக்கிறது. பெட்ரோல் டேங்கில் ஒரு பாட்டில் ஊற்றுவது, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது, கன்வெர்ட்டரையே கழற்றிக் கழுவுவது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டில் வீண். சொட்டு விடுவதால் இன்டேக்குக்கு நல்லது, கன்வெர்ட்டருக்கு அல்ல. கழற்றிக் கழுவுவது ஒரே ஒரு கோளாறுக்குப் பாதி மருந்து, மற்றதற்கெல்லாம் ஆபத்து. காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து அரை மணி நேரம் ஒழுங்காகப் பார்த்துச் சொல்கிற ஆள் கிடைத்தால் அவருக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், கன்வெர்ட்டர் கெடுவது பெரும்பாலும் கார்பன் அடைப்பால் அல்ல. பெட்ரோல் காரில் அந்தப் பாகம் 500, 600 டிகிரியில் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் கரி தானாகவே எரிந்துவிடும். உள்ளே இருப்பது பீங்கான் தேன்கூடு, ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 துளைகள். துளைச் சுவர்களில் அலுமினாவும் சீரியமும் கலந்த பூச்சு. அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறியிருக்கும். மொத்தமே சில கிராம்தான். புகை சுத்தமாவது அந்தத் துகள்களின் மேற்பரப்பில். அங்கே எந்த வாயு இடம் பிடிக்கிறது, எது வெளியே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு பிளாட்டினத்தில் ஒட்ட ஒரே ஒரு இடம் போதும். கார்பன் முனை உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நன்றாக நெருக்கியடித்தும் நிற்கும். ஆக்சிஜன் அப்படியில்லை. அது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. பிரிந்து இரண்டு அணுக்களாக ஒட்டினால்தான் எதையாவது எரிக்க முடியும், பிரிவதற்கு அக்கம்பக்கமாகக் காலி இடங்கள் வேண்டும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பத் தயாராக நிற்கும் ஊட்டி பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டிலும் ஒருவர் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டால், சேர்ந்து உட்கார வேண்டிய தம்பதி நின்றுகொண்டுதான் போக வேண்டும். குளிர்ந்த கன்வெர்ட்டரில் நடப்பதும் அதேதான். மோனாக்சைடு முந்திக்கொண்டு பரப்பை மூடிவிடும். ஆக்சிஜன் வந்து மோதிவிட்டுத் திரும்பிப் போகும்.

இந்தத் தடை ஒருவழிப்பாதை. பிளாட்டினத்தில் ஆக்சிஜன் அணுக்கள் முதலில் ஏறிவிட்டால் அவை இடைவெளி விட்டுத்தான் அமர்கின்றன. அந்த இடைவெளிகளில் மோனாக்சைடு நுழைந்து, பக்கத்து ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். ஆகவே ஆக்சிஜன் மோனாக்சைடைத் தடுப்பதில்லை, மோனாக்சைடுதான் ஆக்சிஜனைத் தடுக்கிறது. மோனாக்சைடு அதிகமானால் வினை வேகமாகாமல் மெதுவாகிறது என்பதை இர்விங் லாங்மியூர் 1922-லேயே பிளாட்டினக் கம்பியை வைத்துக் காட்டிவிட்டார். பரப்பின் மேல் அணு அணுவாக என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தெளிவாக்கிய கெர்ஹார்டு எர்ட்லுக்கு 2007-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூடிக்கிடக்கும் பரப்பு எப்படித் திறக்கிறது? மோனாக்சைடு மூலக்கூறுகள் நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும். கூட்டம் அதிகமானால் ஒவ்வொன்றின் பிடியும் கொஞ்சம் தளரும். சூடு ஏறும்போது சில விட்டுப் போகும், ஆங்காங்கே இரட்டை இடங்கள் காலியாகும், ஆக்சிஜன் இறங்கும், பக்கத்து மோனாக்சைடுகள் எரியும். எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அங்கே தங்குவதில்லை, ஆகவே இன்னும் இடம் காலியாகும். எரிந்த வெப்பம் மேலும் சிலவற்றைக் கிளப்பிவிடும். அதனால்தான் கன்வெர்ட்டர் படிப்படியாக வேலைக்கு வருவதில்லை. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரிக்குள் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இதை லைட்-ஆஃப் என்பார்கள். பழைய கன்வெர்ட்டரில் இந்தக் கோடு இன்னும் மேலே போய்விடும். எரியாத பெட்ரோல் மூலக்கூறுகளும், முக்கியமாக இரட்டைப் பிணைப்பு உள்ளவையும் வளைய வடிவத்தவையும், இதே போல இடத்தை அடைத்துக்கொண்டு மோனாக்சைடுக்குத் துணை நிற்கும்.

ரோடியத்தின் வேலை வேறு. நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளப்பது அதுதான். பிளக்கப் பக்கத்தில் ஒரு காலி இடம் வேண்டும். பிளந்த நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து போய்விடும். ஆக்சிஜன் அணு மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதை அப்புறப்படுத்த மோனாக்சைடு வர வேண்டும். ஒரு பரப்பில் இடைஞ்சலாக இருக்கும் அதே வாயு இன்னொரு பரப்பில் துப்புரவுப் பணி செய்கிறது. மோனாக்சைடு கூடினால் பிளாட்டினமும் பல்லேடியமும் திணறும், ஆக்சிஜன் கூடினால் ரோடியம் திணறும். காற்று–பெட்ரோல் விகிதத்தை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. ஒரே கோட்டை (எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எடையில் 14.7-க்கு 1) சுற்றியே ஆட்டிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

இனி மலைக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் புல்லில் உறைபனி படியும். அந்தக் காலையில் காரை எடுத்தால் இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், மோனாக்சைடு அதிகமாக வரும், கன்வெர்ட்டரோ குளிர்ந்து கிடக்கும். அதிலும் முந்தைய நாளின் ஈரம் பூச்சில் ஊறியிருக்கும். அந்த நீர் ஆவியாகி முடியும்வரை சூடு 50 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். சைலன்சர் நுனியில் சொட்டும் தண்ணீர் அந்தக் கட்டத்தின் அடையாளம்தான், கோளாறு அல்ல. ஊட்டி சேரிங் கிராஸ் போய்ப் பால் வாங்கிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும் காரில் பல நாள் கன்வெர்ட்டர் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை.

அதற்காக வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விடுவது தவறான வைத்தியம். ஐடிலில் புகையும் குறைவு, சூடும் குறைவு. அரை நிமிடம் விட்டுவிட்டு மிதமான ஆக்ஸிலரேட்டரில் கிளம்பினால் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகும். மூடிய ஷெட்டுக்குள் ஐடிலில் விடவே கூடாது. முதல் சில நிமிடங்கள் வெளியே வருவது ஏறக்குறைய சுத்திகரிக்கப்படாத மோனாக்சைடு. பிளாட்டினத்தில் இடம் பிடிப்பதைப் போலவே அது ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உயரத்தைப் பற்றி ஒர்க்‌ஷாப்களில் நிறையக் கதை சொல்வார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் மிகுந்து புகை கறுக்கும், உண்மைதான். ஆனால் இன்ஜெக்‌ஷன் காரில் சென்சார் அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலையும் குறைத்துவிடும். கன்வெர்ட்டருக்கு வரும் புகையின் விகிதம் மாறாது. பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால் அது மலையின் வேலை. அதைக் கன்வெர்ட்டரின் தலையில் கட்டி கிளீனிங் விற்பதை நம்ப வேண்டாம்.

இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது ஈ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும். கன்வெர்ட்டருக்குள் வெறும் காற்று போகும். சீரியம் ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளும், ரோடியம் முழுக்க ஆக்சிஜனால் மூடிக்கொள்ளும். மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகள் அப்படியே தப்பிப் போகும். அதைச் சரிசெய்ய ஈ.சி.யு. கொஞ்ச நேரம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு வரும் ஏற்றத்தில் சில கார்களில் அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இதனால்தான். காற்று மிகுந்தபோது சீரியத்தில் சேர்ந்த கந்தகம், பெட்ரோல் மிகுந்தவுடன் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறுகிறது. எப்போதாவது வந்தால் கவலையில்லை. சமதளத்திலும் தொடர்ந்து வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள், இன்ஜெக்டரையும் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரையும் பார்க்க வேண்டும். (நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பவர்களுக்கு: நியூட்ரலில் ஐடிலுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், கியரில் இறங்கினால் அதுவும் இல்லை. பிரேக்கும் பிழைக்கும்.)

கன்வெர்ட்டரை உண்மையில் கெடுப்பவை நான்கு. முதலாவது கந்தகம். ஒரு கந்தக அணு ஒட்டினால் தான் அமர்ந்த இடத்தை மட்டுமல்லாமல் சுற்றியிருக்கும் இடங்களையும் கெடுக்கும், அக்கம்பக்கத்தில் மற்ற வாயுக்களின் பிடியையும் தளர்த்திவிடும். ஆனால் 600 டிகிரிக்கு மேல் பெட்ரோல் சற்று மிகுந்த நிலையில் பெரும்பகுதி கழன்றுவிடும். பாரத் ஸ்டேஜ் புகை விதிகளின்படி வந்த பி.எஸ்.4 பெட்ரோலில் 50 பி.பி.எம். வரை இருந்த கந்தகம், 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 பெட்ரோலில் 10 பி.பி.எம். ஆகக் குறைந்துவிட்டது. எனவே இது இப்போது சின்ன வில்லன்தான். இரண்டாவது, இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக–பாஸ்பரஸ் கலவை. ஆயில் குடிக்கும் இன்ஜினில் இது தேன்கூட்டின் முன்பகுதியில் கண்ணாடிபோலப் படியும், சூட்டில் போகாது. மூன்றாவது சிலிக்கான். ஆயில் சம்ப்பைக் கழற்றி மாட்டும்போது கண்டபடி சிலிக்கோன் பேஸ்ட் தடவினால் அதன் ஆவி உள்ளே போய் மணல் பூச்சாக மாறி உட்காரும், சென்சாரையும் சேர்த்துக் கெடுக்கும்.

நான்காவதுதான் மோசமானது: அதிகச் சூடு. ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ சரியில்லாமல் மிஸ்ஃபயர் ஆனால், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால், எரியாத பெட்ரோல் முழுவதும் கன்வெர்ட்டருக்குள் எரியும். சூடு 1,000 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். மூன்று நானோமீட்டர் துகள் முப்பது நானோமீட்டராகப் பெருத்தால் அதே எடை உலோகத்துக்குப் பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். எந்த மருந்தும் அதைத் திரும்பப் பிரிக்காது. இன்னும் சூடேறினால் பீங்கானே உருகித் துளை அடைத்துக்கொள்ளும். செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் போகலாம். மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் மிஸ்ஃபயர், ஓரங்கட்ட வேண்டியதுதான். ஏற்றத்தில் அப்படியே அழுத்திக்கொண்டு போனால் ஒரு காயிலின் விலைக்குப் பதில் கன்வெர்ட்டரின் விலையைக் கொடுக்க வேண்டி வரும்.

இப்போது மூன்று சர்வீஸையும் வரிசையாகப் பார்க்கலாம். டேங்க் பாட்டில்: உள்ளே இருப்பது பெரும்பாலும் கரைப்பான். அது இன்ஜினுக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. கன்வெர்ட்டர் வரை போய்ச் சேர்வது அதன் புகைதான். பாஸ்பரஸ், சிலிக்கான், பெருத்த துகள் எதையும் அது தொடாது. பெயின்ட் கடைத் தின்னரை ஊற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பம்ப்பின் ரப்பர் பாகங்களைத்தான் கரைக்கும். இதற்கு மதிப்பெண் போடவே விருப்பமில்லை.

இன்டேக் சொட்டு: வாக்குவம் குழாயில் ஊசி செருகி, இன்ஜினை 2,000, 2,500 ஆர்.பி.எம்-ல் வைத்து, அரை மணி நேரத்துக்கு மருந்து விடுகிறார்கள். த்ராட்டில் பாடியும் இன்டேக்கும் கொஞ்சம் சுத்தமாகும், ஐடில் சீராகும். வாடிக்கையாளர் “வித்தியாசம் தெரியுது” என்று சொல்வது இதனால்தான், அது பொய்யல்ல. கன்வெர்ட்டருக்கு நடப்பது வேறு. கூடுதலாக எரிந்த மருந்தும் அரை மணி நேர ஆர்.பி.எம்-மும் அதைச் சூடாக்கி, இருந்த கொஞ்சக் கந்தகத்தையும் ஒட்டிய ஹைட்ரோகார்பனையும் கிளப்பிவிடும். அதே சூட்டைக் கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான ஏற்றம் இலவசமாகத் தரும். இரண்டாவது, மூன்றாவது கியரில் 3,000 ஆர்.பி.எம்-ஐ ஒட்டி, நிற்காமல் ஏறினாலே போதும். டவுனுக்குள்ளேயே சுற்றும் காரை மாதம் ஒருமுறை இப்படி ஏற்றி இறக்கினால் இந்த சர்வீஸ் தேவையே இல்லை. ஆனால் மிஸ்ஃபயர் உள்ள காரில் சொட்டு மருந்தும் கூடாது, ஏற்றமும் கூடாது. எச்சரிக்காமல் செய்கிற ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கழற்றிக் கழுவுவது: சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான அமிலத்தை நீரில் கரைத்து ஊறவைத்தால் முன்பகுதியில் படிந்த பாஸ்பரஸில் ஒரு பகுதி கரைந்து வரும். இதற்கு வேதியியல் ஆதாரம் உண்டு. ஆகவே ஆயில் குடித்த இன்ஜினை ரீபோர் செய்து சரிசெய்த பிறகு, கன்வெர்ட்டர் வேறு விதத்தில் நன்றாக இருந்தால், ஒருமுறை செய்துபார்க்கலாம். ஆனால் நடைமுறையில் பலர் செய்வது வேறு. வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நேராகப் பிடித்து அடித்தால் சுவரில் இருக்கும் பூச்சு உதிர்ந்து, விலைமதிப்பான உலோகம் சாக்கடைக்குப் போகும். கழிப்பறை ஆசிட் ஊற்றினால் அலுமினாவையே அரிக்கும். பீங்கானைச் சுற்றி ஒரு நார்மெத்தை இருக்கிறது, தண்ணீரிலும் அமிலத்திலும் ஊறி அது நைந்தால் பீங்கான் ஆடத் தொடங்கி, பிறகு கடகடவென்று உடைந்துவிடும். கழுவிய ஈரத்தோடு மாட்டி உடனே ஆர்.பி.எம். ஏற்றினால் வெடிப்பு விடும். நன்றாக உலரவைத்து, மாட்டிய பிறகு ஐடிலில் தொடங்கி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். குன்னூர் மழைக்காலத்தில் ஒரே நாளில் கழுவி, காயவைத்து, மாட்டித் தருகிறேன் என்றால் எங்கே காயவைப்பீர்கள் என்று கேளுங்கள்.

எந்த சர்வீஸுக்குப் பிறகும் ஸ்கேனரில் கோளாறு எண்ணை (எரர் கோட்) அழித்துவிட்டு, “லைட் போயிடுச்சு பாருங்க” என்று காட்டுவார்கள். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற எண் அழிந்தவுடன் ஈ.சி.யு. கன்வெர்ட்டரைப் புதிதாகச் சோதிக்கத் தொடங்கும். அந்தச் சோதனைக்குப் பெரும்பாலான கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அது எங்கே கிடைக்கும்? மலையிலேயே ஓடும் காரில் சோதனை நாள்கணக்கில் முடியாமல் கிடக்கும், லைட்டும் வராது. கோவைக்கு ஒருமுறை போய்வந்தவுடன் திரும்ப வரும். ஆகவே வண்டியை எடுக்கும் முன் ஸ்கேனரில் ‘கேட்டலிஸ்ட் மானிட்டர்’ முடிந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்று காட்டினால் எதுவும் நிரூபணமாகவில்லை.

சரியான பரிசோதனை இப்படி இருக்கும். முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் சென்சார் பகுதியிலும் லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வந்தாலே சென்சார் ஏமாந்து, நல்ல கன்வெர்ட்டரைக் கெட்டது என்று காட்டும். பிறகு இன்ஜினைச் சூடாக்கி 2,500 ஆர்.பி.எம்-ல் வைத்து இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய வகை சென்சார் உள்ள காரில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். பின்னது 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் கூடவே தாவினால் சீரியமும் உலோகப் பரப்பும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கத் தவறுகின்றன. அடைப்புச் சந்தேகத்துக்கு முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டலாம். ஐடிலில் ஒன்றேகால் பி.எஸ்.ஐ-க்குள்ளும், 2,500-ல் மூன்றுக்குள்ளும் இருந்தால் அடைப்பில்லை, ‘கார்பன்’ பேச்சு அங்கேயே முடிந்தது. முன்னும் பின்னும் லேசர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக எரியும் புது இன்ஜினில் எரிய வேண்டியதே குறைவு, வித்தியாசமும் குறைவாகவே காட்டும்.

புகைச் சான்றிதழ் மையத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பி.எஸ்.4-ம் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் காருக்கு ஐடிலில் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்., ஆர்.பி.எம். ஏற்றிய உயர் ஐடிலில் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று, பெட்ரோல் விகிதத்தின் அளவு, சரியாக இருந்தால் 1) 0.97 முதல் 1.03 வரை, இவைதான் வரம்பு. வெறும் ‘பாஸ்’ சீட்டோடு வராமல் எண்களைக் கேட்டு வாங்குங்கள். லாம்டா சரியாக இருந்தும் மோனாக்சைடு அதிகமாக இருந்தால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம். லாம்டாவே தவறினால் கோளாறு இன்ஜின் பக்கம். பத்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நேராக மையத்துக்குள் போங்கள். ஊட்டிக் குளிரில் வரிசையில் நின்று ஆறிப்போன கன்வெர்ட்டர் நல்லதாக இருந்தாலும் தோற்றுவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், மலிவான வெளிக் கம்பெனி கன்வெர்ட்டரில் தேன்கூடும் வெளி உறையும் அசல் போலவே இருக்கும், உலோகம்தான் குறைவாக இருக்கும். புதிதில் எல்லாம் சரியாகக் காட்டும். மலைக்காலைக் குளிரில் லைட்-ஆஃப் தள்ளிப்போகும்போதுதான் வேஷம் கலையும். உங்கள் காரின் பி.எஸ். நிலைக்கு ஏற்றது என்று பாகத்திலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம், அது சட்டவிரோதம். மாட்டுவதற்கு முன் பழையதைக் கொன்றது எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆயில் குடிக்கும் இன்ஜினிலோ காயில் போன இன்ஜினிலோ புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பழையதைத் திரும்பக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். செத்துப்போன கன்வெர்ட்டரிலும் அந்தச் சில கிராம் உலோகம் பெருமளவு அப்படியே இருக்கிறது, பழைய சாமான்காரரிடம் நல்ல விலை போகும். “டிஸ்போஸ் பண்ணிட்டோம் சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பில்லில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.